நெர்மீன் கேட்ட ஒரு வரி

பெயரை மாற்றுவது பெரிய வேலையே இல்லை, ஐயா. நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் கருவியின் மென்பொருள் எங்களுடையது. அது நம்பியிருந்த வெளிநாட்டு நிரல் தொகுப்பில், எடையைக் குறிக்கும் பழைய பெயரைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். முந்நூற்றுப் பதினான்கு இடங்களில் புதுப்பெயரைப் போட வேண்டும், அவ்வளவுதான்.

அலெக்சாண்டிரியா அலுவலகத்தில் பதினோரு வருடமாக அந்த நிரல் என் கையில் இருந்தது. வேலையை நெர்மீனிடம் கொடுத்தார்கள். வந்து எட்டு மாதமான பெண், ஒன்பதே நாளில் முடித்தாள். மேலாளர் ஷெரீஃப் எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வஜ்தி பே, நீங்க பதினோரு வருஷமா அடைகாத்ததை இந்தப் பொண்ணு பொரிச்சே குடுத்துட்டா பாருங்க."

வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

எங்களிடம் ஒரு வழக்கம். இன்னொருவர் பார்த்துச் சரி சொல்லாமல் எதுவும் வெளியே போகாது. பார்ப்பவருக்கு மாறிய வரிகள்தான் திரையில் வரும், மாறாதவை வராது. கெட்டிக்காரி, அதையும் யோசித்து என்னிடம் வந்தாள்.

"உஸ்தாஸ், பழசு எடையை பவுண்டுல குடுத்துச்சு, புதுசு கிலோல குடுக்குது. பவுண்டைக் கிலோவாக்குற கணக்கு வேற எங்கயாச்சும் ஒளிஞ்சிருக்கா? இருந்தா அது கிலோவையே மறுபடி குறைச்சு எடை பாதியாயிடும், மருந்தும் பாதிதான் ஏறும்."

"எனக்குத் தெரிஞ்சு இல்லம்மா," என்றேன்.

இருந்தது. நான் எழுதிய வரி, வேறொரு கோப்பில். அவள் மாற்றியவற்றை ஒன்றுவிடாமல் படித்தேன். எல்லாம் சரி. சரி என்று என் பெயரைப் போட்டேன். அவள் கொண்டுவந்த பஸ்பூஸா இனிப்பில் இரண்டு துண்டு தின்றேன்.

அது வெளியே போன நான்காம் நாள் குழந்தைகள் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டாள்.

"மருந்து ஏறிக்கிட்டேதான் இருக்கு, வலிப்பு நிக்க மாட்டேங்குது உஸ்தாஸ்."

குழாயைப் பார்க்கச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். வியாழக்கிழமை நெர்மீனைக் குழுத் தலைவியாக அறிவிக்க இருந்தார்கள். அவள் மேலே ஏறட்டும், ஏறியபின் விழட்டும் என்று இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் மலக் என்ற ஐந்து வயதுக் குழந்தை போய்விட்டது.

நான் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை, ஐயா. மாறியதெல்லாம் அவள் பெயரில்தான் இருக்கிறது. அவளை விசாரணைக்கு அழைத்துப்போக போலீஸார் வந்தபோது எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் கையில் தண்ணீர் கொடுத்தது நான் ஒருவன்தான். பொறாமைக்காரன் அதைச் செய்வானா, நீங்களே சொல்லுங்கள்.