கொளஞ்சியம்மாள் உயிரோடதான் இருக்காங்க

வாத்தியார எதுத்துப் பேசறது தப்புன்னு நீங்க சொல்லாதீங்கக்கா. நான் போன்ல கத்துனதுல பாதிதான் உங்களுக்குக் கேட்டுருக்கும். பக்கத்துல உக்காந்துட்டீங்க, மீதியையும் கேளுங்க. சிதம்பரம் வரைக்கும் நேரம் இருக்குல்ல?

போன்ல பேசுனது எங்க தேவசகாயம் சாரு. கடலூர்ல எங்க காலேஜில பிசினஸ் பாடம் எடுக்கறாரு. நல்லவருதான். இல்லன்னு யாரு சொன்னா? புக்கு படிக்கறதுதான் அவருக்கு வியாதி. மார்க்கெட்டிங் புக்கு, வேல தேடற புக்கு, ஜெயிக்கறது எப்படின்னு புக்கு. திங்கக்கெழம ஒன்ன முடிச்சிட்டு வந்தாருன்னா அந்த வாரம் பூரா நாங்க மாட்டிக்குவோம். கேண்டீன்ல டீ ஆறிப்போச்சின்னு ஒருத்தி சொன்னா, கொற சொல்றவதான் நெஜமான கஸ்டமருன்னு டீ மாஸ்டர நிக்க வெச்சி விளக்குனாரு. விளக்கி முடிக்கறதுக்குள்ள எல்லார் டீயும் ஆறிப்போச்சி.

சரி, விஷயத்துக்கு வரேன். போன மாசம் ஒரு புக்க படிச்சிட்டு வந்தாரு. கடைய எவனும் ஞாபகம் வெக்க மாட்டானாம், கடக்காரரு மொகத்ததான் வெப்பானாம். மொகத்தக் காட்டு, கதையச் சொல்லு, கேக்கறவன் கண்ணுல தண்ணி வரணும்னாரு. சொல்லும்போதே அவரு கண்ணுல தண்ணி. எனக்கும் ஒரு மாதிரி ஆயிடுச்சிக்கா. ஏன்னா எங்கம்மாவும் கடக்காரங்கதான். கொளஞ்சியம்மாள். மஞ்சக்குப்பம் மைதானத்தாண்ட சாயந்தரம் பஜ்ஜி போடறாங்க. தள்ளுவண்டி, பேரெல்லாம் கெடையாது. அதுல வந்த காசுலதான் நான் காலேஜிக்கே போறேன்.

அதான் அம்மாவுக்கு ஒரு பிளெக்ஸ் அடிச்சேன். கடையில மாட்டுனா யாரு பாப்பா? மைதானத்து மொனையில கட்டுனேன், எல்லாரும் போற வர்ற எடம். பக்கத்துல யாரோ ஒரு பெரியவருக்கு கண்ணீர் அஞ்சலி கட்டியிருந்தாங்க. இருந்தா என்ன, நமக்கென்னன்னு விட்டுட்டேன்.

மறுநாள் சாயந்தரம் ஒரு ஆட்டோக்காரரு வண்டிய ஓரங்கட்டி, செருப்பக் கழட்டிட்டு பிளெக்ஸப் பாத்துக் கும்புட்டாரு. நான் கூட நெனச்சேன், பரவால்லியே, கத வேல செய்யிதேன்னு.

அப்பறம் கம்மாபுரத்துலேருந்து காத்தவராயன் மாமா, அம்மாவோட அண்ணன், வேன் புடிச்சி ஆளுங்களோட வந்து எறங்குனாரு. யாரோ போட்டோ புடிச்சி அனுப்பியிருக்காங்க. மால, மேளம், எல்லாம் ரெடி. தெருமொனையிலேருந்தே அழுதுக்கினு வராரு. அம்மா வாழக்காய திருப்பிப் போட்டுக்கினு, என்னாண்ணே, யாரு போயிட்டாங்கன்னு கேக்கறாங்க. மாமாவுக்கு சந்தோஷப்படறதா கோவப்படறதான்னே தெரியல. வேன்ல வந்தவங்க அத்தன பேரும் பஜ்ஜி சாப்ட்டுட்டுதான் போனாங்க. மேளக்காரருக்கு மட்டும் மொளகா பஜ்ஜி காரமாம்.

இதோட போயிருந்தா சிரிச்சிட்டு விட்டுருப்போம்க்கா. விடல. அம்மாகிட்ட வருஷக்கணக்கா சாப்பிடறவங்க இருக்காங்கல்ல, அவுங்க வந்தாங்க. அம்மா மொகத்தப் பாத்து, நீ தங்கச்சியாம்மான்னு கேட்டாங்க. நாந்தாங்க அதுன்னு அம்மா சொன்னா யாரும் நம்பல. ஒரு வாய் தின்னுட்டு, ஆயிரம் சொல்லு, அக்கா கைப்பக்குவம் உனக்கு வரலம்மான்னுட்டாங்க. அதே கடல மாவு, அதே எண்ண, அதே கை! அதுக்கப்பறம் ஒருத்தரப் பாத்து ஒருத்தரா வர்றதையே நிறுத்திட்டாங்க.

அம்மா வண்டியில தார்ப்பாய மூடிட்டாங்க. மூடிட்டு என்கிட்ட ஒரே ஒரு வார்த்ததான் பேசுனாங்க.

"ஊரறிய சாவடிச்சல்ல? ஊரறிய எழுப்பு."

அவ்வளவுதான். அதோட என்கிட்ட பேச்சில்ல.

சாருக்கு போன் போட்டா, அறிவுமதி, ஊரே பேசுதுல்ல, இத காசு குடுத்தாலும் வாங்க முடியாதும்மாங்கறாரு. இன்னிக்கி சிதம்பரத்துல ஒரு மண்டபத்துல பேசப்போறாரு, தோல்வியிலேருந்து பாடம்னு. எங்கம்மா பிளெக்ஸத்தான் திரையில காட்டப்போறாராம். அங்கதான் நான் போறேன்.

என்னக்கா? அதுல அப்படி என்ன இருந்துச்சின்னா? ஒன்னுமில்லக்கா. அம்மா ரேஷன் கார்டு போட்டோ, பிளாக் அண்ட் வைட்டுல. அதான் கெத்து. முட்ட வட்டத்துக்குள்ள. ஒரு பக்கம் கட ஆரம்பிச்ச வருஷம், இன்னொரு பக்கம் இந்த வருஷம். கீழ ஒரு குத்துவெளக்கு, மங்களமா இருக்கட்டும்னு. அன்பே உருவானவர், தனியாளா ரெண்டு புள்ளைங்கள ஆளாக்குனவர்னு நாலு வரி. உண்மையத்தான எழுதுனேன்?

மாட்டறதுக்கு முன்னாடி சார்கிட்ட காட்டலியாவா? காட்டுனேனே. வாட்சப்ல அனுப்புனேன். அம்மா சிரிக்கறாப்ல கலர் போட்டோ இல்லியாம்மா, வெளக்க எடுத்துடு, வருஷத்த எடுத்துடு, இத மாட்டிடாதன்னுதான் சொன்னாரு. உங்களுக்கு டேஸ்ட்டு இல்ல சார், புக்க படிச்சா மட்டும் பத்தாதுன்னு நாந்தான் சொன்னேன். உடனே சரிம்மான்னு விட்டுட்டாரு.

விடலாமாக்கா? வாத்தியாருன்னா சண்ட போட்டு நிறுத்த வேணாமா? அதத்தான் மைக்க வாங்கி கேக்கப்போறேன். ஏன் சரிம்மான்னீங்க, எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. சொல்லிட்டு, கொளஞ்சியம்மாள் உயிரோடதான் இருக்காங்க, இன்னிக்கும் பஜ்ஜி போடுவாங்கன்னு அதே மைக்குல சொல்லுங்கன்னு.

என்னக்கா எழுந்துட்டீங்க? சிதம்பரம்னுதான டிக்கெட் எடுத்தீங்க, இது புதுச்சத்திரம். கண்டக்டரண்ணே, விசில் ஊதிடாதீங்க, இந்தக்கா ஒரு பதில் சொல்லிட்டு எறங்குவாங்க. சொல்லுங்கக்கா, பஸ்ஸுல இருக்கற எல்லாருக்கும் கேக்கறாப்ல சொல்லுங்க. தப்பு யாரு மேல?