டப்பாவுக்குள் வராத வேளைகள்

பேருந்துப் பணிமனை மேலாளர் அவர்களே, பொழுதெல்லாம் சக்கரத்தோடு சுழலும் ஓட்டுநர் தம்பிகளே, அவர்களுக்கும் முன்னே எழுந்து அடுப்பேற்றும் தாய்மார்களே, நிற்க முடியாத இந்தக் கிழவிக்கு நாற்காலி தந்த நல்லவர்களே, வணக்கம்.

என் மூத்த பேரன் மின்தூக்கி பொருத்துகிறான். அவன் கைபட்டால் பத்தாம் மாடியும் பக்கத்து வீடு. அடுத்தவன் கணக்காயர் தேர்வில் முதல் முறையே தேறினான். சின்னவள் நீச்சலில் கோப்பை வென்றாள். மூத்த மகனின் மகளோ ஆய்வகத்தில் மலத்தில் பித்த அமிலம் அளக்கிறாள். சிரியுங்கள், சிரியுங்கள். நானும் முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பெருமைப்பட்டேன்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு விளங்கியது இவ்வளவே. பித்தநீர் கொழுப்பைக் கரைக்கும். வேலை முடிந்ததும் குடல் அதை உறிஞ்சிக்கொள்ள வேண்டும். உறிஞ்சாவிட்டால்? ஓட்டம்தான் ஐயா, கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் ஓயாத ஓட்டம்.

அப்படி ஓடி ஓய்ந்தவன் என் இளைய மகன், உங்கள் தோழன். நடுவழியில் பேருந்தை நிறுத்திவிட்டு ஓடினான் என்று உதிரிபாகக் கிடங்கில் உட்கார வைத்தீர்கள். குறை சொல்லவில்லை. பயணிகள் எத்தனை நேரம் காத்திருப்பார்கள்?

இரண்டு நாள் மலம் முழுவதையும் டப்பாவில் சேர்க்கச் சொன்னார் மருத்துவர். சேர்த்துத் தந்தான். பேத்தி நிறுத்தாள், கலக்கினாள், எரிசாராயம் ஊற்றிச் சாறெடுத்து இயந்திரத்தில் ஏற்றினாள். பித்தம் சரியளவு என்று வந்தது. நோயே இல்லையென்றால் மருந்து ஏது? ஆனால், அவளுக்கு டப்பாவின் எடைதான் உறுத்தியது. நேரே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"சித்தப்பா, நாள் பூரா ஓடுற ஆளு நீங்க. டப்பா ஏன் இவ்ளோ லேசா இருக்கு?"

"எல்லாத்தையும் போட்டேம்மா."

"கிடங்குல போனது?"

"அங்க எப்படிம்மா? பசங்க பாத்தா மானம் போயிடும். டப்பாவ வீட்ல வெச்சுட்டுத்தான் போனேன்."

"இந்தத் தடவ மானத்த வீட்ல வெச்சுட்டு டப்பாவ எடுத்துட்டுப் போங்க."

போனான், சாப்பாட்டுப் பைக்குள் வைத்து. "என்னண்ணே, இன்னிக்கு விருந்தா?" என்று ஒருவர் கேட்டாராம். "பங்கு வேணுமா?" என்றானாம். முன்வரிசையில் குனிந்துகொள்ளும் தம்பி, நான் ஆளைச் சொல்லவில்லையே.

இம்முறை பித்தத்தின் அளவு மும்மடங்கு. பித்தத்தைப் பிடித்து நிறுத்தும் பொடி ஒன்றைக் கொடுத்தார்கள். ஓட்டம் நின்றது.

அலசிய துணி எத்தனை, துடைத்த தரை எத்தனை, "இவனுக்குச் சும்மா பயம்" என்ற பேச்சு எத்தனை. அலுத்துவிட்டேன், தாய்மார்களே. வெட்கம் அளவைக் குறைத்தது; குறைந்த அளவு நோயை மறைத்தது; மறைந்த நோய் ஓட்டுநரைக் கிடங்கில் அடைத்தது. இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை பேர் வாய் திறவாமல் ஓடுகிறார்களோ? மலம் அருவருப்பு என்றால், மனிதனை மூலையில் முடக்குவது என்ன?

மேலாளர் ஐயா, மருத்துவர் சான்று உங்கள் மேசையில் இருக்கிறது. மகனை வண்டியில் ஏற்றுங்கள். பொறுத்துக் கேட்டவர்களுக்கு நன்றி. உங்கள் வயிறும் வண்டியும் வழியில் நிற்காதிருக்க வாழ்த்து. ஓட்டுநர்களின் படங்கள் ஒட்டும் பலகையில் அவனுடைய பழைய படத்தை ஒட்டிவிடாதீர்கள், அதில் இருப்பவன் கன்னம் உப்பிய வேறு ஆள். இளைத்த இந்த முகத்தையே புதிதாகப் படம் பிடித்து ஒட்டுங்கள்.