பச்சை விளக்கு எரிந்த லயம்

நான் தேநீர் நன்றாகவே ஊற்றுவேன். கண்டிப் பக்கம் கெலிஓயாவில் நான் வேலை செய்த அலுவலகத்தில் அதைக் குறை சொன்னவர்கள் இல்லை. ஆனால் என்னை அங்கே எடுத்தது புரோகிராம் எழுத. ஆறு வருடம் எழுதினேன். நீங்கள் கேட்டதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

கம்பளைக்கு மேலே எங்கள் தோட்டத்தில், மேட்டு லயத்துக்குப் பின்னால் மலை மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் பிறந்த லயம் அது, வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். மண்ணுக்குள் பதித்த கருவிகளிடம் மலை எவ்வளவு நகர்ந்தது என்று கேட்டு, லயத்துச் சுவரில் விளக்குப் போடும் புரோகிராமை எட்டு மாதம் இருந்து எழுதினேன். ஆபத்தில்லை என்றால் பச்சை. ஆபத்தென்றால் சிவப்பும் சைரனும். அது ஓடியது எங்கள் அலுவலகக் கணினியில்.

திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதர்கள் வந்தார்கள். எங்கள் முதலாளி ரிஸ்கான், வேலைக்கு வந்து ஐந்து வாரமே ஆன தன் தம்பியை முன்னே நிறுத்தி, "இது முழுக்க நம்மட இல்ஹாம் செஞ்சது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "கலா, வந்தவங்களுக்கு டீயக் கொஞ்சம் பாருங்க" என்றார்.

தட்டை ஏந்திப் போனேன். லயத்து ஆட்கள் எல்லோரும் அங்கே நின்றார்கள். பழைய கங்காணி மூக்கையா ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு, "கண்டிப் பக்கம் போயும் ஒனக்கு இதுதானா வேல, புள்ள?" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பிழையை அடுத்த வாரம் கண்டுபிடித்தேன். அது நான் வேண்டுமென்று வைத்ததல்ல. புரோகிராமுக்குள் இரண்டு ஆட்கள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கருவிகள் சொல்வதைக் கேட்க, வேறு யாரோ எழுதி வைத்த புரோகிராம் துண்டு ஒன்றை, லைப்ரரி என்பார்கள், எடுத்திருந்தேன். செய்தி வருகிறதா என்று அது ஓயாமல் சுற்றிச் சுற்றிப் பார்க்கும். அந்தச் சுற்றைத் தனி த்ரெட்டில், அதாவது பக்கத்திலேயே ஓடும் தனி ஓட்டமாக, விட்டிருந்தேன். வாசலில் நின்று கேட்பவன் அவன். உள்ளே இருப்பவன், கடைசியாக வந்த எண்ணை நிமிடத்துக்கு ஒரு தரம் பார்த்து விளக்கைப் போடுபவன். ஈரம் ஏறிய கருவி வெறும் செய்தி ஒன்றை அனுப்பினால், வாசலில் நிற்பவன் சத்தமில்லாமல் செத்துப்போவான். உள்ளே இருப்பவனுக்கு அது தெரியாது. பழைய எண்ணையே பார்த்துப் பச்சையைப் போட்டுக்கொண்டிருப்பான்.

திருத்துவதற்கு நாலு வரி போதும். எழுதினேன். மூக்கையாவின் முகம் ஞாபகம் வந்தது. அழித்துவிட்டேன்.

ஆனாலும் ஒன்றும் ஆகவில்லை. காரணம் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்குப் போகும்போது ரிஸ்கான் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவார், இரண்டு மணிக்கு வந்து போடுவார். அவருடைய வாப்பா கடை வைத்திருந்த காலத்துப் பழக்கம். அதனால் வாரத்துக்கு ஒரு தரம் எல்லாம் புதிதாகத் தொடங்கியது, செத்த த்ரெட்டும் எழுந்துகொண்டது.

ஐப்பசி மழை தொடங்கியதும் அவரிடம் போனேன். "சேர், வெள்ளிக்கிழமைல வெளக்கு அணைஞ்சா லயத்துல பயப்படுறாங்க. அந்தக் கணினிய மட்டும் நிப்பாட்டாம ஓட விடலாமா?"

"நீங்க செல்றது சரிதான், கலா" என்றார். அடுத்த நாளே அதற்குத் தனி லைன் இழுத்துக் கொடுத்தார். எங்கள் ஆட்கள் மேல் எனக்கு எவ்வளவு அக்கறை என்று இல்ஹாமிடம் சொல்லிப் பாராட்டவும் செய்தார்.

ரிஸ்கான் தலைகுனிய வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். விளக்கு பொய் சொல்லிவிட்டது என்று ஊர் பேச வேண்டும். அப்போதும் அவர் இல்ஹாம் செஞ்சது என்று சொல்வாரா என்று பார்க்க ஆசைப்பட்டேன். அதற்கு மலை கொஞ்சம் அசைந்தால் போதும். எவ்வளவு அசைய வேண்டும் என்பது என் கையில் இல்லைதான்.

வியாழக்கிழமை காலை த்ரெட் செத்தது. நான் பார்த்தேன். சனி பின்னேரம் மூன்றே முக்காலுக்கு மலை வந்தது. விளக்கு வருவதற்கு முன்பெல்லாம், மழை வலுத்தால் மூக்கையா மலைத் தண்ணீர் விழும் பீலிக்குப் போய்த் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார். கலங்கியிருந்தால் எல்லோரையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிவிடுவார். அன்றைக்கும் பீலியில் செம்மண்ணாகத்தான் வந்தது என்று தப்பியவர்கள் சொல்கிறார்கள். அவர் சுவரைப் பார்த்து, "பச்சதானே எரியுது, உள்ள போங்க" என்றாராம். பதினொரு பேர். அவரும் சேர்த்து.

ரிஸ்கானையும் இல்ஹாமையும் நீங்கள் விலங்கிட்டுக் கூட்டிப்போன படம் பத்திரிகையில் வந்தது. இரண்டு தரம் பார்த்தேன். திருப்தியாக இருந்தது, மறைக்கவில்லை.

மலை இவ்வளவு வருமென்று தெரியாது என்கிறாய், பிறகு உன் அம்மா மட்டும் ஏன் லயத்தில் இல்லை என்று கேட்டீர்கள். வியாழக்கிழமை மத்தியானம் நானே போய் என் அறைக்குக் கூட்டிவந்தேன். நாங்கள் புறப்படும்போது, பக்கத்துக் காம்பராவில் தனியாக இருக்கும் பாலம்மா படியில் நின்றாள்.

"பாலம்மாவையும் ரெண்டு நாளைக்குக் கூட்டிக்கிட்டுப் போவோமா?" என்று அம்மா கேட்டாள். "மழைக்குப் பயந்துகிட்டு இருக்கா."

"எடம் பத்தாதும்மா" என்றேன்.

பதினொரு பேரில் பாலம்மாவும் ஒருத்தி. சின்ன வயதில் எனக்குச் சோறு ஊட்டியவள், அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் அவளிடம் பொய் சொல்லவில்லை, என் அறை உண்மையிலேயே சின்னது.