பதினாலு தலை

— என்ன தங்கச்சி, மூஞ்சி ஏன் செத்துக் கெடக்கு? வேலதான் முடிஞ்சிருச்சே, சிரிங்கலா.

— எப்படிச் சிரிக்கிறது, பத்துமலை அண்ணே? டால்பின் கணக்கெடுக்கப் பத்து நாளா உங்க படகுல கடலச் சுத்துறேன். ஒண்ணுகூடக் கண்ணுல படல. 'இல்ல'ன்னு எழுதி மத்தியானம் ரிப்போர்ட்ட அனுப்பிட்டேன்.

— நல்லதாப் போச்சு.

— என்ன நல்லது? ஒண்ணே ஒண்ணப் பாத்திருந்தாக்கூட, கடல்ல மண்ணக் கொட்டுற இந்தத் துறைமுக வேலைய நிறுத்தியிருப்பாங்க. மொத நாளே சொன்னேன்ல?

— சொன்னீங்க, சொன்னீங்க. நாங்க குடியிருந்த செமோர் எஸ்டேட்லயும் அப்படித்தான் சொன்னாங்க. கணக்கெழுதுற கிராணி வீடு வீடா வந்து தலைய எண்ணுனாரு. புது வீடு குடுக்கத்தான் கணக்குன்னாரு. எங்கம்மா இருளாயி, வயித்துல இருந்த தம்பியையும் சேத்து எண்ணச் சொல்லுச்சு.

— அப்புறம்?

— அடுத்த மாசம் புல்டோசர் வந்துச்சு. எண்ணிட்டுப் போறவன் இடிக்கத்தான் வருவான். அன்னைக்கே புரிஞ்சுக்கிட்டேன்.

— அதுக்கும் இதுக்கும் என்னண்ணே?

— கோவிச்சுக்காதீங்க. டால்பின் இருக்குலா. பதினாலு. ஒண்ணு இந்த மாசம் பொறந்த குட்டி, தாய விட்டு நகராது.

— எங்க?!

— கத்தாதீங்க. தெனம் விடியக்காலையில, உங்கள ஏத்த வர்றதுக்கு முன்னாடி, படகு விளிம்புல இரும்பால தட்டுவேன். அதுங்களுக்குச் சத்தம் ஆகாது. எல்லாத்தையும் கரையோரச் சதுப்புல இருக்குற பாக்காவ் மரக் காட்டு ஓடைக்குள்ள ஓட்டி விட்டுட்டுத்தான் வருவேன். உங்க கணக்குல ஒண்ணும் மாட்டக் கூடாதுல்ல.

— ஐயோ, பாவி மனுசா!

— என்ன இப்படிச் சொல்லிட்டீங்க? காப்பாத்தியிருக்கேன்!

— என் கணக்குதாண்ணே அதுங்கள காப்பாத்தியிருக்கும். வேற எதுவுமே இல்ல.

— நெசமாவா? நெசமாவே காப்பாத்தத்தான் எண்ணுனீங்களா?

— ஆமாண்ணே.

— சரி, சரி, அழாதீங்க. இப்பவே போலாம். நான் காட்டுறேன், போட்டோ புடிச்சு அனுப்புங்க. உள்ள ஓட்டுனவனுக்கு வெளிய ஓட்டத் தெரியாதா? அந்த ஓடைக்கு ஒரே வாய்தான், இருட்டுனாத்தான் வெளிய வரும், எங்கயும் போயிருக்காது.

— அண்ணே, நான் ரிப்போர்ட் அனுப்புன கையோட, மண்ணு ஏத்திக்கிட்டு நாலு தொங்காங் படகு நம்மளத் தாண்டிப் போச்சே, பாத்தீங்கள்ல?

— பாத்தேனே, கைகூடக் காட்டுனேன். எங்க போச்சு?

— அந்த ஓடை வாய அடைக்க.