நெய்விளாகத்தைக் குடியிருக்க வைத்தவருக்கு

மண்ணில் உழைத்தோரின் மன்றாட்டை மன்றத்தில் முழங்கியவரே! காவிரி உழவரின் கவலையைத் தலைநகர் வரை சுமந்தவரே! இருமுறை நாடாளுமன்ற உறுப்பினராய் இருந்தும் இட்லிக் கடையில் எங்களோடு வரிசையில் நின்றவரே! வழக்கறிஞர் பெருந்தகை வீ. அரசப்பன் அவர்களே!

இன்னும் பத்து அடைமொழிகள் கைவசம் இருக்கின்றன. ஆனால் தாங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினால் கோபம் வந்துவிட்டது என்று பொருள். ஆகையால் இத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்.

கறுப்பு அங்கியையும் கட்சிப் பொறுப்பையும் ஒருசேரக் களைந்து, இனித் தேர்தலில் நிற்பதில்லை, வழக்கும் எடுப்பதில்லை என்று தாங்கள் அறிவித்தபோது, கும்பகோணம் அலுவலகத்தில் தங்களிடம் பணிபுரிந்த நாங்கள் எதிர்த்துப் பேசவில்லை. இத்தனை ஆண்டு ஓடிய கால்கள் ஓய்வு கேட்பது நியாயம். கையோடு, சென்னையில் மகன் வீட்டுக்குக் குடிபெயரப் போவதாகவும் சொன்னீர்கள். அதை மட்டும் எங்களால் விழுங்க முடியவில்லை. பாராட்டு மடலாக எழுதத் தொடங்கியது பாதியில் எதிர்மனுவாக மாறியதற்கு அதுவே காரணம்.

குடவாசலை அடுத்த, இன்று நாம் கூடியிருக்கும் இதே கீழ நெய்விளாகத்தில், பண்ணையாள் வீரையனுக்கும் நடவுக்குப் போகும் ராமாயிக்கும் மகனாய்ப் பிறந்தீர்கள். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட குற்றத்துக்காகத் தங்கள் தந்தையின் குடிசையை மிராசுதாரின் ஆட்கள் ஒரே முற்பகலில் பிரித்துப் போட்டார்கள். மனை மிராசுதாருடையது. போ என்றால் போக வேண்டியதுதான், ஏன் என்று கேட்க நாதியில்லை. கும்பகோணத்துக்கு வந்து மூட்டை தூக்கித்தான் வீரையன் தங்களைச் சட்டம் படிக்க வைத்தார். அதனால்தானோ என்னவோ, தங்கள் அலுவலகத்தில் யாரும் நின்றுகொண்டு பேசக் கூடாது என்று விதி வைத்தீர்கள். கக்கத்தில் துண்டை இடுக்கிக்கொண்டு வந்த பெரியவர்கள், தாங்கள் வற்புறுத்தியதற்காக நாற்காலி நுனியில் பட்டும் படாமலும் அமர்வதை நாங்கள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம்.

குடியிருப்போருக்கே மனை சொந்தம் என்று அரசு சட்டம் கொண்டுவந்த காலம் அது. கட்சிக் கொடியின் நிறம் பார்த்து அரிவாள் தூக்கிய காலமும் அதுதான். சட்டம் வந்த வேகத்தில் மிராசுதார் இந்தத் தெரு முழுவதன்மீதும் வழக்குத் தொடுத்தார். இவர்கள் காலங்காலமாகக் குடியிருப்பவர்கள் அல்லர், சென்ற அறுவடைக்கு வந்து தங்கிவிட்ட வெளியூர் ஆட்கள், ஆகவே காலி செய்ய வேண்டும் என்றார். மறுத்துக் காட்ட இவர்களிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. தோற்றால் தெருவே வண்டி கட்ட வேண்டியதுதான்.

அப்போது தெருவுக்காக வாதாடிய தாங்கள் சாட்சிக்கு அழைத்தது இவ்வூரின் கல்யாண வழக்கத்தை! பந்தலில் நட்ட கல்யாண முருங்கைக் கொம்பை, கல்யாணம் முடிந்ததும் மணமக்கள் தங்கள் குடிசையோரம் ஊன்றித் தண்ணீர் ஊற்றுவார்கள். அது வேர்பிடித்து மரமாகி அவர்களோடு வயதேறும். நேற்று வந்தவன் குடிசையோரம் இருபது வருஷத்து மரம் எப்படி நிற்கும் என்று கேட்டீர்கள். நேரில் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் ஓர் ஆணையரை நியமித்தது.

அன்று நடந்ததை இன்று சிரித்துக்கொண்டே எழுதுகிறோம். மரங்கள்தாம் சாட்சி என்று நீதிபதிக்கு அழகாக எடுத்துரைத்த தாங்கள், தெருவுக்கு அதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். கோர்ட்டே நம் தெருவுக்கு வருகிறது என்று மட்டும் கேள்விப்பட்ட மக்கள் சும்மா இருப்பார்களா? முதல் நாளே மரங்களையெல்லாம் வெட்டி, அவற்றையே கால்களாக நட்டு, தெரு நெடுகப் பந்தல் போட்டுவிட்டார்கள். ஆணையரோடு வந்து இறங்கிய தாங்கள் பந்தலைப் பார்த்தீர்கள். மரங்களைத் தேடினீர்கள். பிறகு கண்ணாடியைக் கழற்றினீர்கள். பந்தல் வேலைக்குத் தலைமை தாங்கிய அம்சம் அம்மா சற்றும் கலங்காமல் சொன்னார்: "அவ்வளவு பெரிய மனுசரு வெயில்ல நிக்கலாமாங்க?"

எதிர்த்தரப்பு வக்கீல் வாய்விட்டே சிரித்தார். தாங்கள் யாரையும் திட்டவில்லை. ஈரம் காயாத அடிக்கட்டைகள் வாசலுக்கு வாசல் நின்றன. ஒவ்வொரு தம்பதியையும் அவரவர் கட்டையருகே போய் நிற்கச் சொன்னீர்கள். எந்தப் புயலுக்கு முந்திய கல்யாணம், எந்தத் தேர்தலுக்குப் பிந்திய கல்யாணம் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, ஆணையர் குனிந்து குனிந்து கட்டையின் பருமனைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். அம்சத்தின் கட்டை ஆணையரின் இரு கைகளுக்குள்ளும் அடங்கவில்லை. வழக்குத் தள்ளுபடியானது. தெருவார் அத்தனை பேரும் தம் மனைக்குத் தாமே உரியவர் ஆனார்கள்.

முன்பே விரட்டப்பட்ட வீரையன் குடும்பத்துக்கு மட்டும் அந்தச் சட்டத்தில் இடமில்லை. ஊருக்கெல்லாம் மனை வாங்கிக் கொடுத்த தங்களுக்கு ஒரு சாண் மண் மிஞ்சவில்லை. தாங்கள் அடுத்த வழக்கைப் படிக்க உட்கார்ந்துவிட்டீர்கள். எங்களுக்குத்தான் ஆறவில்லை.

அந்த வெற்றிக்குப் பிறகுதான் மக்கள் தங்களை டெல்லிக்கு அனுப்பினார்கள். வேட்டிக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மேட்டூர் அணை திறக்கத் தாமதமானால் குறுவை என்னாகும் என்பதை, குறுவை என்ற சொல்லையே கேட்டிராத அவைக்கு ஆண்டுதோறும் அலுக்காமல் விளக்கினீர்கள். வளைகுடாவில் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்துத் தவித்த மகனுக்காக அழுதுகொண்டு வந்தார் கூத்தாநல்லூர் சைத்தூன் பீவி. அந்தப் பிள்ளை ஊர் திரும்பும் வரை அமைச்சகத்தின் படிகளைத் தேய்த்தீர்கள். அவர் மகிழ்ந்து கொண்டுவந்த தம்ரூட் இனிப்பில் தாங்கள் ஒரு துண்டுதான் சாப்பிட்டீர்கள். மீதியை யார் தீர்த்தது என்று இந்த மடலில் எழுதுவதற்கில்லை.

கும்பகோணத்தில் மண்டபம் இருக்க, இந்தப் பாராட்டு விழாவைத் தெருவில் ஏன் வைத்தீர்கள் என்று நேற்றுக் கடிந்துகொண்டீர்கள். தாங்கள் இப்போது அமர்ந்திருப்பது தங்கள் தந்தையின் குடிசை இருந்த இடம். மிராசுதாரின் வாரிசுகள் நிலங்களை விற்றுவிட்டுப் போனபோது தெருவார் சேர்ந்து இந்த மனையை வாங்கினார்கள். வேறு யாரும் குடிசை போடாதபடி வைக்கோல்போர் போட்டுக் காத்தார்கள். இப்போது தங்கள் பெயருக்கு எழுதிவைக்கப் பத்திரம் தயார், தங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. மகனிடமும் பேசிவிட்டோம், அப்பா விருப்பம்தான் தம் விருப்பம் என்கிறார். இத்தெருவில் இன்று ஆசிரியர்கள் இருக்கிறார்கள், செவிலியர்கள் இருக்கிறார்கள், சட்டக் கல்லூரிக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். சந்தேகம் கேட்க அவர்களுக்குப் பக்கத்து வீட்டிலேயே ஒரு வழக்கறிஞர் வேண்டும்.

நூறாண்டு வாழ்க என்று முடிப்பது வழக்கம். நூறோ தொண்ணூறோ, நோய் நொடியின்றி எங்கள் கண்ணெதிரே வாழுங்கள் என்பதே இம்மனுவில் நாங்கள் கோரும் நிவாரணம். சென்னைச் செய்தியைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அம்சம் எங்களிடம் சொன்ன பதிலை, அவர் சொன்னபடியே தங்கள்முன் வைக்கிறோம்:

"எங்கள இங்கேருந்து யாரும் கெளப்ப முடியாதுன்னு தீர்ப்பு வாங்கிக் குடுத்தாருல்ல. அந்தத் தீர்ப்பு அவருக்கும் சேத்துத்தாங்க."

தங்கள் கையெழுத்துக்காகப் பேனாவுடன் காத்திருக்கும்,
ஹாஜா மைதீன், குமாஸ்தா
ஆனந்தவல்லி, தட்டச்சர்
ஜெக்கரியா, இளம் வழக்கறிஞர்
மற்றும் கும்பகோணம் அலுவலகத்தார்