கீழே நிற்க ஓர் ஆள்

தீம் பார்க் என்று பெயர் வைத்தால் ஒரு தீம் இருக்க வேண்டாமா, சார்? வாசலில் ஒரு டைனோசர், அதன் காலடியில் கதகளி வேஷக்காரர், அவருக்குப் பக்கத்தில் எஸ்கிமோ வீடு. டைனோசரின் வால் உடைந்து உள்ளே இருக்கிற துருப்பிடித்த கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பேய் வீட்டுக்குள் போனால் பேய்க்கு மின்சாரம் இல்லை. மசால் தோசை மட்டும் நன்றாக இருந்தது, அதை மறைக்கக் கூடாது. என் மனைவி அங்கே இறந்துபோனாள் என்பதற்காக அந்த இடத்தைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். அவள் இறப்பதற்கு முன்பே அது மட்டமான பார்க்தான்.

இந்த ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் நீங்கள் கேட்டீர்கள், "இப்பம் எதுக்கு வந்திய? உங்களை யாரும் கூப்பிடவே இல்லியே." நியாயமான கேள்வி, சிவதாணு சார். நீங்கள் பாறசாலைப் பக்கத்துத் தமிழர் என்று வெளியே பாரா நிற்கிற கான்ஸ்டபிள் சொன்னார். அதனால்தான் மலையாளத்தில் எழுதிக் கொடுக்காமல் உங்களிடமே பேசலாம் என்று உட்கார்ந்தேன். அந்த ரோலர் கோஸ்டரை ஓட்டுகிற ரதீஷைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். ஆள் விழாமல் இருக்க மடிமேல் இறக்குகிற கம்பியைச் சரியாகப் பார்க்கவில்லை என்று வழக்கு. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, அந்தக் கதைதான். அவனை விட்டுவிடுங்கள். கம்பியைப் பற்றி அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

என் பெயர் கௌசிக். வீடு வலியசாலையில். டெக்னோபார்க்கில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. அடுத்தவன் செய்ததில் ஓட்டை எங்கே என்று பார்ப்பதுதான் பிழைப்பு. வேலை இல்லாத நாளில் ரோலர் கோஸ்டர். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் காசி, ராமேஸ்வரம் என்று போனார்கள். நான் பெங்களூர், ஹைதராபாத், சிங்கப்பூர், துபாய் என்று கோஸ்டர் கோஸ்டராகப் போனேன். என்னைப் போல ஒரு கூட்டமே இருக்கிறது. எந்த வண்டியில் எந்த வரிசை நன்றாகத் தூக்கும் என்று காலையில் எழுந்ததும் எங்களுக்குள் பேசிக்கொள்வோம். எங்களுக்குப் பைத்தியம் என்று உங்களுக்குத் தோன்றினால் நான் மறுக்கப் போவதில்லை.

என் மனைவி விஷ்ணுப்ரியாவுக்கு உயரம் என்றால் ஆகாது. மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போனால்கூடச் சுவரோரம் போகமாட்டாள். ஆனாலும் என்னைத் தனியாக ஓர் இடத்துக்கும் அனுப்பியதில்லை. "நீங்க மேல போறச்சே கீழ ஒருத்தர் நிக்க வேண்டாமா?" என்பாள். புறப்படுவதற்கு முன் பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைப்பாள். வண்டி உயரமானது என்று தெரிந்தால் தேங்காயும் கூடும். சிங்கப்பூருக்குப் போவதற்கு முன் அவள் உடைத்ததைப் பார்த்துத் தேங்காய்க் கடைக்காரர், வீட்டில் யாருக்காவது ஆபரேஷனா என்று விசாரித்தார்.

நான் ஏறும்போது என் போனையும் வாட்சையும் வாங்கிக்கொண்டு வேலியோரம் நிற்பாள். மேலேயிருந்து பார்த்தால் தெரியும். கண்ணை இறுக மூடி, உதடு மட்டும் ஏதோ சுலோகத்தை முணுமுணுத்துக்கொண்டிருக்கும். இறங்கி வந்து வாட்சை வாங்கும்போது அவள் கையைத் தொடுவேன். ஐஸ் மாதிரி இருக்கும்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும், சார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் பயம் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆரம்பத்தில், வண்டி உச்சியில் ஒரு நொடி நின்று கவிழுமே, அப்போது அடிவயிறு கலங்கும். தொண்டை அடைக்கும். அதற்காகத்தான் அத்தனை அலைச்சலும். அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் துபாயில் தலைகீழாகத் தொங்கும்போது எனக்குக் கொட்டாவி வந்தது. ஆனால் கீழே இறங்கி அவளுடைய சில்லிட்ட கையைப் பிடித்தால் மட்டும் எனக்குள் ஏதோ லேசாக அசையும். அவளுக்கு வந்த பயத்தில் எனக்கும் ஒரு பங்கு கிடைத்த மாதிரி. அதை வைத்துக்கொண்டுதான் காலத்தை ஓட்டினேன். நல்ல தாம்பத்தியம் என்றுதான் இப்போதும் சொல்வேன்.

அந்தப் பார்க்குக்குப் போன அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பழவங்காடி வந்ததும் வழக்கம் போலக் காரை ஓரம் கட்டப் போனேன். அவள் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தேங்காய் உடைக்கலையா?" என்றேன்.

"இதுக்கா? யூட்யூப்ல பார்த்துட்டேன்னா. பொன்முடி மலைக்குப் போற பஸ் இதைவிட வேகமா வளையும். இதுக்குப் போய்ப் பிள்ளையாரைத் தொந்தரவு பண்ணுவாளா?" என்று சிரித்தாள்.

நான் காரைக் கிளப்பினேன். ஆனால் வழி முழுக்க மனசு சரியாக இல்லை.

கோஸ்டரைப் பார்த்ததும் அவள் சொன்னது சரி என்று தெரிந்துபோயிற்று. மாடி வீட்டு உயரம்கூட இராது. யானைப் பசிக்குச் சோளப்பொரி. கூட்டமும் இல்லை, அதனால் ரதீஷ் என்னை ஒவ்வொரு வரிசையிலும் மாற்றி மாற்றி உட்கார விட்டான். சக்கரத்தின் சத்தத்தை வைத்தே எங்கே எண்ணெய் போட வேண்டும் என்று அவனுக்குச் சொன்னேன். "சாருக்கு எல்லாம் அறியாமல்லோ" என்று, எனக்குத் தெரியாததே இல்லை என்கிற மாதிரி அசந்துபோய் டீ வாங்கிக் கொடுத்தான். அதற்குப் பிறகு நான் சொன்னால் அவனுக்கு வேதவாக்கு. அந்த வண்டியில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் உயிர் இருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்தால், கடைசி மேட்டில் வண்டி ஆளைத் தூக்கிப் போட்டது. கம்பி இறுக்கமாக இருந்ததால் நான் சீட்டை விட்டு எழும்பவில்லை.

நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கியபோது பிரியா வேலியில் சாய்ந்து பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தாள். கண்ணை மூடவில்லை, சுலோகம் இல்லை. "நானும் ஒரு ரவுண்டு போய்ட்டு வரட்டுமா?" என்றாள்.

முன் வரிசையில் தனியாக உட்கார்ந்து போனாள். நான் அவளுடைய கைப்பையை மாட்டிக்கொண்டு கீழே நின்றேன். வண்டி சாய்ந்து இறங்கும்போது அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. இறங்கி ஓடிவந்தாள்.

"இவ்ளோதானா? இதுக்கா நான் இத்தனை வருஷம் சுவாமி முன்னாடி நின்னு அழுதேன்? ஏன்னா, அடுத்த தரம் துபாய்ல உங்க பக்கத்துலதான் உக்காருவேன். கீழ நிக்கற வேலையெல்லாம் இனிமே கிடையாது."

கையை நீட்டினாள். பிடித்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

நான் பயந்துபோனேன், சார். மேலேயிருந்து விழும்போது வருகிற இனிப்பான பயம் அல்ல இது. ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் பேசாமல் இருப்பாரே, அப்போது வருகிற மாதிரி. இனிமேல் கீழே யாரும் நிற்கப் போவதில்லை. உச்சியிலிருந்து எட்டிப் பார்த்தால் வெறும் வேலிதான் தெரியும். பக்கத்தில் ஒருத்தி சிரித்துக்கொண்டிருப்பாள். மசால் தோசையைப் பிட்டபடி இதையே நினைத்தேன். நாக்குக்கு ருசி தெரிந்தது. அவளோ சாம்பாரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு துபாய்க்கு எந்த மாசம் நல்லது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு தரம் அவள் பயந்தால் போதும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். பழையபடி கீழே நிற்பாள், தேங்காய் உடைப்பாள், எல்லாம் சரியாகப் போய்விடும். அவளைப் பற்றிக் கெடுதலாக ஒன்றும் நினைக்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும், "வா, இந்தத் தரம் கடைசி வரிசையில் ரெண்டு பேரும் சேர்ந்து போகலாம்" என்றேன். புதுசாகக் கல்யாணமானவள் மாதிரி என் கையைக் கோத்துக்கொண்டு வந்தாள்.

அந்த வண்டியில் இரண்டு பேருக்கும் சேர்த்து மடிமேல் ஒரே கம்பிதான் இறங்கும். நான் எப்படி இருக்கிறேன் என்று பார்க்கிறீர்கள். அவள் எப்படி இருந்தாள் என்று போட்டோவில் பார்த்திருப்பீர்கள். கம்பி முதலில் என் தொப்பையில் முட்டி நின்றுவிடும், அவள் மடிக்கும் கம்பிக்கும் நடுவில் இடம் கிடக்கும். குண்டானவரும் ஒல்லியானவரும் ஒரே கம்பிக்குக் கீழே உட்காரக் கூடாது என்பது எங்கள் கூட்டத்தில் அரிச்சுவடி. நான் கூடுதலாக மூச்சை இழுத்து வயிற்றை உப்பவைத்துக்கொண்டேன்.

ரதீஷ் கவனித்தான், சார். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கம்பியை ஆட்டிப் பார்த்துவிட்டு, "சாரே, சேச்சிக்கு லூஸாணல்லோ. சேச்சி முன்னில் இருந்நோட்டே" என்றான். முன் வரிசைக்கு மாற்றச் சொன்னான். சரியாகத்தான் சொன்னான்.

"இந்த வண்டிக்கு இது மதி, ரதீஷே. ஞான் அல்லே பறயுந்நது" என்றேன். இது போதும், சொல்வது நானல்லவா என்று.

அவன் அரை மனசாக என்னைப் பார்த்தான். காலையிலிருந்து நான் சொன்னதெல்லாம் சரியாக இருந்ததே, அதனால் போய்ப் பொத்தானை அழுத்திவிட்டான்.

சங்கிலி கடகடவென்று எங்களை மேலே இழுத்தது. பாதி தூரத்தில்தான் அவள் குனிந்து பார்த்தாள். கம்பியைக் கீழே தள்ளிப் பார்த்தாள். அது அசையவில்லை.

"ஏன்னா, என் பக்கம் இடைவெளியா இருக்கே."

"ஒண்ணும் ஆகாது. பொன்முடி பஸ்ஸுன்னு நீதானே சொன்னே."

சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. மறுபடியும் தள்ளினாள், இந்தத் தரம் இரண்டு கையாலும். "நிறுத்தச் சொல்லுங்கோளேன். நான் இறங்கிடறேன். ஏன்னா, நிஜமாத்தான் சொல்றேன்." என் கையைத் தேடிப் பிடித்தாள். ஐஸாக இருந்தது, சார். நகம்கூடச் சில்லிட்டிருந்தது. நான் எவ்வளவு நிம்மதியானேன் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ரதீஷைக் கூப்பிட்டிருந்தால் நிறுத்தியிருப்பான், காது கேட்கிற தூரம்தான்.

நான் அவள் கையை விடுவித்துவிட்டு என் இரண்டு கையையும் மேலே தூக்கினேன். எங்கள் கூட்டத்தில் அது வழக்கம். உச்சியில் தூக்கிய கையை வண்டி நிற்கும்வரை இறக்கக் கூடாது, இறக்கினால் அந்தச் சவாரி சேர்த்தி இல்லை. "நீயும் தூக்கு, பயம் போயிடும்" என்றேன். அவள் தூக்கவில்லை. கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்தாள். முதல் இறக்கத்தில் ஒன்றும் ஆகவில்லை. வளைவிலும் ஒன்றும் ஆகவில்லை. கணபதியின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கடைசி மேட்டில் வண்டி தூக்கியது. அவள் எழும்பினாள். முழங்கால்வரை கம்பிக்கு மேலே வந்துவிட்டது. என் பக்கம் திரும்பினாள். "பிடிச்சுக்கோங்கோ" என்றாள், கத்தக்கூட இல்லை.

அன்றைக்கு உங்கள் ஆட்களிடம் சொன்னேன், பிடிக்கப் பார்த்தேன், கை நழுவிவிட்டது என்று. மாமனார் சாம்பசிவன் பதின்மூன்றாம் நாள்வரை என் கைகளைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அதையே சொல்லி அழுதார். "நீங்க என்ன பண்ணுவேள் மாப்பிள்ளே, கைக்கு எட்டினவ நழுவிட்டாளே" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். நான் மறுக்கவில்லை. பெரியவர் மனசு தாங்காது.

நழுவவில்லை, சார். அவள் தோள் எனக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தபோது என் அடிவயிறு கலங்கியது, தொண்டை அடைத்தது, உடம்பெல்லாம் உதறியது, முதன்முதலாக ஏறிய நாள் மாதிரியே. கையை இறக்கியிருந்தால் பிடித்திருப்பேன். ஆனால் அத்தனை வருஷம் கழித்து வந்த பயம், சார். அது தீருகிறவரை கையை இறக்க எனக்கு மனசு வரவில்லை.