உப்பு தூக்கலான டப்பா

இருங்க, இருங்க, ஷூ லேஸ் அப்புறம் கட்டிக்கலாம். நேத்து மாடி வீட்டம்மாகிட்ட என்ன சொன்னீங்க? என் ஒய்ஃபுக்கு வொர்க் எதுவும் இல்ல, வீட்லதான் இருக்கா. அதானே? ஜாப் இல்லன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். வொர்க் இல்லன்னா இந்த லஞ்ச் பாக்ஸ் தானா நிரம்பி, தானா மூடிக்கிட்டு வந்து நின்னுச்சாக்கும்?

ரெண்டும் ஒண்ணுதானாம்! எங்க கான்வென்ட் சிஸ்டர் காதுல விழுந்திருந்தா ஸ்கேலாலயே உங்க முட்டியைப் பேத்திருப்பாங்க. கேளுங்க. ஜாப்னா ஒருத்தர் கூப்பிட்டுக் குடுக்கணும். சம்பளம் உண்டு, ஞாயித்துக்கிழமை லீவு உண்டு. ஒரு ஜாப், ரெண்டு ஜாப்னு எண்ணலாம். வொர்க்கை எண்ண முடியாது. எண்ண உக்காந்தா அதுவே ஒரு வேலை. ஜாபைக் குடுத்தவன் திரும்பப் பிடுங்கிக்கலாம். வொர்க்கை எவன் பிடுங்குவான்? அந்தத் தொட்டி நிறையப் பாத்திரம் கிடக்கு, வந்து பிடுங்கிட்டுப் போகட்டும், கும்பிட்டு அனுப்பறேன்.

என்ன, மணியையே பாக்கறீங்க? பஸ் போனா போகட்டும்.

ஆபீஸ்ல உங்க பக்கத்து சீட்டுக்காரருக்குன்னு தினம் ஒரு சின்ன டப்பா கட்டறேனே, முந்தாநாள் எப்படி இருந்துச்சாம்? பிரமாதம்னாரா? இன்னொரு தடவை சொல்லுங்க, காது குளிரட்டும். அந்த மனுஷன் பீன்ஸைத் தொடவே மாட்டாரு, ஒதுக்கி வச்சுத்தான் அனுப்புவாரு. கொஞ்ச நாளா டப்பா வழிச்சு நக்கின மாதிரி வருதேன்னுதான் அன்னிக்கு அவரு டப்பால மட்டும் உப்பை அள்ளிக் கொட்டினேன். ஒரு சிட்டிகை கூடினாலே போன் போட்டு, என்னம்மா, என்னைக் கொல்லப் பாக்கறீங்களான்னு கத்தற ஆளு, மூச்சு விடல. நீங்கதான் வந்ததும் வராததுமா சொம்பு சொம்பா தண்ணி குடிச்சீங்க. கீழ கொட்ட மனசு வரலையாக்கும்!

அப்புறம் நானே அவருக்குப் போன் போட்டேன். உங்களுக்கு ஆபீஸ்ல சீட்டு கிழிஞ்சதையும், பகலெல்லாம் நீங்க பார்க்ல உக்காந்திருக்கறதையும் அவருதான் பாவம், அழுதுக்கிட்டே சொன்னாரு.

தலையை நிமித்துங்க. போனது ஜாப்தான். பார்க் பெஞ்சுல வெயில் காயறதுக்கு டை எதுக்கு? கழட்டுங்க, ஷூவையும்.

கோபமா? இல்லாமயா? அது சாயங்காலம். இப்ப நேரமில்ல. தெருமுனை நர்சரி ஸ்கூல்ல இங்கிலீஷ் மிஸ்ஸா எனக்கு இன்னிக்கு முதல் நாள். அந்த லஞ்ச் பாக்ஸை இப்படிக் குடுங்க, அது எனக்குக் கட்டினது. நாளைலேர்ந்து நீங்கதான் கட்டணும். உப்பு மட்டும் பாத்துப் போடுங்க.